பிள்ளைகளின் கால்பந்துக்கு 200 மி.மீ. போதுமா? பல பருவங்கள் எடுத்த அனுபவம்

என் மகள் கால்பந்து ஆடத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவளுடைய ஆட்டங்களை ஒரே ஜோடியால்தான் எடுத்து வருகிறேன்: நிக்கான் டி500 கேமரா, அதில் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ். மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக்குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும், பின்னணியும் நன்றாகக் கரையும். டி500 வந்தது 2016ல். இப்போது உற்பத்தி நின்றுவிட்டதால் பிறர் பயன்படுத்தியதைத்தான் வாங்க முடியும். ஆனால் நான் எழுதப்போவதில் பெரும்பகுதி எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். மைதானத்துக்குக் கேமரா கொண்டுவரும் பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி, 200 மி.மீ. போதுமா என்பது. போதும். ஒரு நிபந்தனை உண்டு: மைதானத்தின் தூரத்துப் பாதியை விட்டுவிட மனம் வரவேண்டும்.

கணக்கு எளிது. டி500ன் சென்சார் (படம் பதியும் தகடு) ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு, உயரம் 15.7 மி.மீ. 200 மி.மீ.யில் கேமராவைக் கிடையாகப் பிடித்தால், 25 மீட்டர் தொலைவில் ஃபிரேமுக்குள் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம் அடங்கும். 1.4 மீட்டர் உயரமுள்ள பிள்ளை அதில் முக்கால்வாசியை நெருங்கிவிடும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் இருக்கும், பந்தும் வரும். 60 மீட்டருக்குப் போனால் ஃபிரேமின் உயரம் 4.7 மீட்டர். அதே பிள்ளை மூன்றில் ஒரு பங்குகூட வராது. வெட்டிப் பெரிதாக்கலாம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் எஃப்/2.8கூடப் பின்னணியைச் சரியாகக் கரைக்காது. அனல் அடிக்கும் மதியத்தில் காற்றின் அலைவு முகத்தையே மெழுகிவிடும். யாரோ ஒரு பிள்ளை எங்கோ ஓடுகிறது என்பதுதான் படத்தில் மிஞ்சும். அதனால் 40 மீட்டருக்கு அப்பால் நடப்பதை நான் எடுப்பதில்லை. வெறுமனே பார்க்கிறேன். அதுவும் ஒரு லாபம்: ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க நேரம் கிடைக்கிறது.

சிறு வயதில் இந்தக் கேள்வியே எழாது. பல நாடுகளில் பிள்ளைகள் முதலில் அணிக்கு 7 பேராகவோ அதற்கும் குறைவாகவோ, பிறகு 9 பேராக, கடைசியில் 11 பேராக ஆடுகிறார்கள். பந்தும் 3ஆம் எண்ணிலிருந்து 4க்கும் 5க்கும் போகும். மைதானமும் கூடவே வளரும். 7 பேர் ஆடும் மைதானம் ஏறக்குறைய 55க்கு 37 மீட்டர். கோட்டருகே நின்றாலே எல்லாம் கைக்கெட்டும் தூரம். 9 பேருக்கு 73க்கு 46. முழு மைதானம் 105க்கு 68. நேற்றுவரை தாராளமாக இருந்த லென்ஸ், மகள் ஒரு வயதுப் பிரிவு மேலே போனதும் குட்டையாகிவிடுகிறது. பெரும்பாலான பெற்றோர் பெரிய லென்ஸ் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். நானும் 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸைக் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் நாளில் அருமையான லென்ஸ் அது. ஆனால் 2.3 கிலோ எடை; மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் ஓர் ஆட்டம் முழுக்கத் தாங்க முடியாது. பக்கத்தில் வந்து விழும் பந்துகளை அது தவறவிடும். பிள்ளைகள் ஆடும் கால்பந்தில் நல்ல கணங்கள் பக்கத்திலேயே நிறைய நடக்கும். ஆகவே 70-200க்கே திரும்பினேன். முழு மைதானம் வந்தபோது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் ஒரு 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் சேர்த்தேன். லென்ஸ் 280 மி.மீ. எஃப்/4 ஆகிறது, ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகிறது. பகல் ஆட்டங்களுக்கு எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

இனி, எங்கே நிற்பது. லென்ஸுக்குக் கொடுக்கும் யோசனையில் பாதியையாவது இதற்குக் கொடுக்கவேண்டும். பெற்றோர் எல்லோரும் நடுக்கோட்டருகே உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் பார்க்க அது நல்ல இடம், படம் எடுக்க அல்ல. அங்கிருந்து எடுத்தால் பக்கவாட்டில் ஓடும் பிள்ளைகளும் முதுகுகளும்தான் கிடைக்கும். நான் எங்கள் அணி தாக்கும் பக்கத்தில், பெனால்டி பெட்டியின் விளிம்புக்கு நேராக டச்லைனுக்கு (மைதானத்தின் நீளவாட்டுக் கோட்டுக்கு) வெளியே உட்காருவேன். கோல் கோட்டிலிருந்து 16 மீட்டர் போல. பந்தோடு வரும் பிள்ளை நம்மை நோக்கி வரும். முகம் தெரியும், கண் பந்தின்மேல் இருப்பது தெரியும், துரத்தி வரும் தடுப்பாளரும் பின்னால் ஃபிரேமுக்குள் வருவார். கார்னர் கொடிக்கு அந்தப் பக்கம் கோல் கோட்டருகே போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் கோலுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்று பல போட்டிகளில் விதி இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

துணை நடுவர்கள் இருக்கும் ஆட்டமென்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு டச்லைனின் ஒரு பாதியில்தான் ஓடுவார். மற்றவர் எதிர்ப்பக்கத்தில் மறுபாதியில். அதாவது, தாக்குதல் நடக்கும் அதே முனையில் ஒரு டச்லைனில் கொடியோடு ஆள் இருப்பார், மறு டச்லைன் காலியாக இருக்கும். காலியான பக்கம் போய்விட்டால் அவருக்கும் இடைஞ்சல் இல்லை, நம் ஃபிரேமுக்குள்ளும் குறுக்கே வரமாட்டார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். பலர் கேமராவோடு அவர்களைத் தொடர்ந்து மறுமுனைக்குப் போவார்கள். நான் பெரும்பாலும் போவதில்லை. அதே இடத்தில் இருந்தால் இரண்டாம் பாதியில் நம் கோல்கீப்பரும் தடுப்பாளர்களும் கண்முன்னே ஆடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் படம் யாரிடமும் இருக்காது. கோல்கீப்பராக ஆடும் ஒரு பையன் பாய்ந்து பந்தைத் தட்டிவிடும் படத்தை அவன் அம்மாவிடம் கொடுத்தபோது, அவன் ஆடும் படத்தையே இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டத்திலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு படமாவது எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உயரமும் முக்கியம். பெரியவர் நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்கப் புல். பிள்ளை இன்னும் குட்டையாகத் தெரியும். முட்டி போட்டோ, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தோ எடுத்தால் பிள்ளை நிமிர்ந்து நிற்கும், குதித்தால் தரைக்கும் காலுக்கும் நடுவே காற்று தெரியும். கீழே போனால் மறுபக்கம் நிறுத்தியிருக்கும் கார்களும் கழிவறைக் கூண்டும் பின்னணிக்குள் வரும் என்பது உண்மை. அதனால் வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்குமுன் எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். மரவரிசை இருந்தால், வெயில் கொஞ்சம் எதிரே அடித்தாலும் அதைப் பின்னணியாக வைக்கும் இடத்துக்கே போவேன்.

கேமரா அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேனுவல் முறை, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்கிக்கொள்ளும்). அப்பர்ச்சர் எஃப்/2.8 அல்லது 3.2. ஷட்டர் குறைந்தது 1/1000 நொடி, வெளிச்சம் இருந்தால் 1/2000. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கும் பந்து 1/500 நொடியில் 4 செ.மீ. நகர்ந்துவிடும், 1/2000ல் 1 செ.மீ.தான். ஓடும் உடல் 1/500லேயே ஓரளவு நிற்கும், உதைக்கும் காலும் பந்தும் நிற்காது. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைப் பிறகு சரிசெய்யலாம், இழுபட்ட படத்தை ஒன்றும் செய்யமுடியாது. வெள்ளை ஜெர்சி அணி என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் முகங்கள் இருண்டுவிடும்.

ஃபோகஸில்தான் இந்தக் கேமரா என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. 153 ஃபோகஸ் புள்ளிகள் ஃபிரேமின் இரு ஓரங்கள்வரை பரவியிருக்கின்றன. தொடர் ஃபோகஸ் முறையில் புள்ளிகளின் குழுவை வைத்துக்கொண்டு, ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, பின்பக்கத்து ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்துவிட்டேன். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை பிள்ளையைத் தொடரும், விட்டால் நிற்கும். குழு முறை நமக்கு அருகில் இருப்பதைப் பிடிக்கும் இயல்புள்ளது. பந்தோடு நம்மை நோக்கி வருபவரைப் பிடிக்க அது தோதாக இருக்கிறது. நடுவர் குறுக்கே ஓடினால் ஃபோகஸ் உடனே அவரிடம் தாவாமலிருக்க, தடை வந்தால் எவ்வளவு காத்திருக்கவேண்டும் என்ற அமைப்பை வழக்கமான 3லிருந்து 4க்கு உயர்த்தியிருக்கிறேன். 5ல் வைத்தால் நாமே வேறொருவருக்கு மாற நினைக்கும்போது தயங்குகிறது.

நொடிக்கு 10 படம் எடுக்கும். அதற்காக விரலை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டியதில்லை. கால் பந்தைத் தொடப்போகும் கணத்துக்குச் சற்று முன்பு தொடங்கி மூன்று நான்கு படம், அவ்வளவுதான். கோல் விழுந்த பிறகுதான் நீளமாக எடுக்கிறேன், ஏனென்றால் முகங்கள் மாறுவது அப்போதுதான். அடித்தவள் யாரைத் தேடி ஓடுகிறாள் என்பது ஒவ்வொரு முறையும் வேறு.

மாலை ஆட்டங்கள் தனிக் கதை. விளக்குகள் மின்சாரத்தின் அலையோடு சேர்ந்து மினுங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/1000ல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று பச்சையாகவும் வரும். டி500ல் மினுக்கத்தைக் குறைக்கும் வசதி உண்டு. வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். நொடிக்கு எடுக்கும் படங்கள் சற்றுக் குறையலாம், நிறம் ஒரே சீராக வரும். இரவு ஆட்டத்துக்குப் போகுமுன் நான் முதலில் தேடிப்போகும் மெனு அதுதான். டெலிகன்வர்ட்டரை அன்று பையிலிருந்து எடுப்பதே இல்லை.

குறை என்றால், எடை. கேமரா 860 கிராம், லென்ஸ் 1.4 கிலோவுக்கு மேல். இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்து வரும் நாளில் மணிக்கட்டு சொல்லிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் கண்ணாடி எழும் சத்தமும் உண்டு. வெளி மைதானத்தில் யாருக்கும் அது பொருட்டல்ல. முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துத் தொடரும், அந்தக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் புதிதாகத் தொடங்குபவருக்கு நிச்சயம் வேலையை எளிதாக்கும். வாங்குமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: சாதாரண சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்து எடுத்தால் படம் வரிவரியாகப் பதிவாவதால் வேகமாகப் போகும் பந்து முட்டை வடிவில் வரும். அந்த மாதிரிக் கேமராவில் கால்பந்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் சரி. படத்தை மிக வேகமாகப் பதிவுசெய்யும் ஸ்டேக்டு சென்சார் உள்ளவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

படங்களைக் கொடுப்பது பற்றியும் சொல்லவேண்டும். ஆட்டத்துக்கு இருபது முப்பது படங்களுக்கு மேல் யாருக்கும் அனுப்புவதில்லை. அணியின் பெற்றோர் மட்டும் பார்க்கும் ஆல்பம், பெயர்கள் இல்லை, இடக்குறிப்பு நீக்கியது. பருவம் தொடங்கும்போதே பயிற்சியாளர் வழியாக எல்லாப் பெற்றோரிடமும் சம்மதம் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பிள்ளை வரும் படம் ஆல்பத்தில் சேராது, காரணம் கேட்பதில்லை. எதிரணிப் பிள்ளை அழும் படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அழித்துவிடுவேன். அடிபட்டு விழுந்தவரை எடுப்பதே இல்லை.

இப்போதைக்குக் கேமராவை மாற்றும் எண்ணம் இல்லை. மகளின் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவுக்கு மாறினால் எடை குறைந்த மிரர்லெஸ் ஒன்றைப் பார்க்கவேண்டியிருக்கும். அப்போதும் லென்ஸ் 70-200 எஃப்/2.8 ஆகத்தான் இருக்கும். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள், பிள்ளை 7 பேர் அணியில் ஆடுகிறது என்றால் இவ்வளவும் தேவையில்லை. கையில் இருக்கும் கேமராவில் சாதாரண 70-300 லென்ஸை மாட்டி, பகல் ஆட்டத்துக்கு 1/1000 வைத்து, பெட்டியின் விளிம்புக்கு நேரே முட்டி போட்டு ஒரு பருவம் எடுத்துப் பாருங்கள். பெரிய லென்ஸ் வேண்டுமா என்பது மைதானம் பெரிதாகும்போது தானாகத் தெரியும்.