மழுங்கிய கார்பைடு கட்டருக்கு டிஎம்டி வைரத் தகடு

செங்கோட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து எல்லாம் செய்கிறோம். மரம் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரிலிருந்து வரும். தேக்கிலும் முற்றிய தென்னையிலும் சிலிக்கா உண்டு. சாதாரண உளி அவற்றில் தாக்குப்பிடிக்காது. அதனால் கார்பைடு கட்டர்தான், அதாவது கடைசல் கருவியின் நுனியில் திருகி மாட்டும் மிகக் கடினமான சின்ன வெட்டுத் துண்டு. சதுரக் கட்டரின் நாலு பக்கமும் மழுங்கியதும் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

கார்பைடைப் பட்டறைச் சாணையில் வைத்தால் சக்கரம்தான் தேயும். அதைத் தேய்க்க வைரம் வேண்டும். நான் பயன்படுத்துவது டிஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் வைரத் துகள் பதித்த தகடுகள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. சிவப்பு 600 மெஷ் (மெஷ் எண் கூடக் கூடத் துகள் பொடியாகும்), வைரத் துகள் 25 மைக்ரான். பச்சை 1200 மெஷ், 9 மைக்ரான். கலப்பு வேலை செய்யும் பட்டறைக்கு இந்த இரண்டே தாராளம்.

கட்டரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பிசினை மண்ணெண்ணெயில் துடைத்துவிடுங்கள். தட்டையான மேல்முகத்தில் மார்க்கரால் மை பூசி, தகட்டில் தண்ணீர் விட்டு, அந்த முகத்தை மட்டும் படிய வைத்துத் தேய்க்க வேண்டும். சரிவுப் பக்கத்தைத் தொடவே கூடாது. மேல்முகம் துளி இறங்கினாலே சரிவோடு சேரும் இடத்தில் புது முனை பிறந்துவிடும். வட்டக் கட்டரின் வட்டமும் கெடாது. ஓரம் வரை மை போனதும் சிவப்பு முடிந்தது, அப்புறம் பச்சை. சின்னக் கட்டர் விரலில் வழுக்குகிறதா? பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிப் பிடியுங்கள். கார்பைடில் கோபால்ட் கலந்திருப்பதால் காந்தம் பிடிக்கும். அதே கோபால்ட் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம்.

தேக்கில் தூளாகக் கொட்டிக்கொண்டிருந்த கட்டர் இப்போது சுருளாகச் சீவுகிறது. பச்சையில் நன்றாக முடித்தது, கடையில் வாங்கும் மலிவான புதுக் கட்டரைவிட வழுவழுப்பாக வெட்டுகிறது என்பது என் அனுபவம். மணல்தாள் வேலை குறைந்திருக்கிறது. தகட்டின் விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அடிக்கடி கட்டர் மாற்றுபவருக்குச் சீக்கிரமே ஈடாகிவிடும். புதுத் தகடு முதலில் சற்றுக் கரகரப்பாக வெட்டும், போகப் போகப் பதமாகும். அழுத்தித் தேய்த்தால் வைரம் உதிரும். லேசான கை போதும்.

முனை பெரிதாகச் சிதறிய கட்டரை இதில் மீட்கப் பார்ப்பது வீண். மேல்முகத்திலும் சரிவு வைத்த நெகட்டிவ் ரேக் கட்டரை இப்படிப் படிய வைத்துத் தேய்த்தால் அந்தச் சரிவே போய்விடும். அந்த வகை மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.