கட்டணமே இல்லாத ஜெர்மனிக்கு நாங்கள் கட்டிய 1,85,000 ரூபாய்

இன்று காலை திருச்சிக்குப் போய், மூன்றாவது முறையாக ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்தின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு தஞ்சாவூர் திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று அம்மா சொல்வதை நானும் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். தம்பி, தங்கையை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்ப நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வழக்குப் போட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம் என்று பலகை மாட்டிய எத்தனையோ மாடிகளில் அதுவும் ஒன்று. சுவர் முழுக்க விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் பிள்ளைகளின் படங்கள் இருக்கும். வாசலில் ‘ஜெர்மனியில் இலவசக் கல்வி’ என்று எழுதியிருக்கும்.

என் தம்பி இயந்திரப் பொறியியல் முடித்தவன். சிஜிபிஏ 7.4. சென்ற நவம்பரில் அங்கே போனோம். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே அரை மனதுதான். “எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது அக்கா, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றான். நான்தான் கேட்கவில்லை. ஒரு எழுத்து தவறினால் ஒரு வருடம் போய்விடுமே, விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எங்களிடம் பேசிய கவுன்சலர் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்து மறுபடி போனபோது நாங்கள் வாய் திறக்கும் முன்பே, “அம்மாவுக்குச் சர்க்கரை போடாத டீ” என்று பையனிடம் சொல்லி அனுப்பினாள். மின்விசிறியை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். “உங்கள் தம்பி எனக்கும் தம்பி மாதிரிதான் அக்கா, அக்டோபரில் அவன் அங்கே வகுப்பில் உட்கார்ந்திருப்பான்” என்றாள். அவ்வளவுதான். அன்று மாலை பஸ்ஸில் வரும்போதே அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டாள். இரண்டு பவுன். மறுநாள் கூட்டுறவு வங்கியில் அடகு.

மொத்தம் 1,85,000 ரூபாய். பதிவுக் கட்டணம் என்று 25,000. நம் பட்டச் சான்றிதழ்கள் அசல்தான் என்று உறுதி செய்யும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு என்று 32,000. ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க என்று 1,28,000. இந்தக் கடைசித் தொகைதான் அம்மாவின் சங்கிலி. மீதி என் சேமிப்பு. நான் தனியார் பள்ளி ஆசிரியை. அந்த 1,85,000 என் பதினோரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

பணம் கட்டிய அன்றே தம்பி பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கினார்கள். “பல்கலைக்கழகக் கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும், கண்காணிக்க எங்களுக்கு வசதி” என்றார்கள். கடவுச்சொல் அவர்களிடம். மீட்பு எண்ணும் அவர்களுடையதுதான். வீட்டுச் சாவியை நாமே வாடகைக்காரனிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது போன்ற காரியம் அது என்று அன்று உறைக்கவில்லை.

பிறகு ஆரம்பித்தது பதில்களின் ஊர்வலம். டிசம்பரில் கேட்டால் “அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை”. பிப்ரவரியில் கேட்டால் “உங்கள் கோப்பு பெங்களூரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறது”. ஏப்ரலில் “எல்லாம் அனுப்பிவிட்டோம், இனி பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும், அடிக்கடி கேட்டால் அவர்களுக்குப் பிடிக்காது”. இந்தக் கடைசி வரியை நம்பிக்கொண்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மே மாதத்தில் கவுன்சலர் பெண் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினாள். ஜூனில் வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். புதிதாக வந்தவளுக்குத் தம்பியின் பெயரே தெரியவில்லை. “எந்த நாடு சார், கனடாவா?” என்று கேட்டாள்.

ஜூலை 17 அன்று தம்பி யாரிடமும் சொல்லாமல் நேராகப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மின்னஞ்சலைத் திறந்து காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கிறான். மதியம் வரை இருக்கவிட்டு, தொல்லை தாங்காமல் ஒரு பையன் கணினியைத் திறந்து காட்டினான். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் பெறுகின்றன. அதிலிருந்து மே முதல் வாரத்தில் வந்த கடிதம் ஒன்று, தடித்த எழுத்தில், திறக்கப்படாமலே கிடந்தது. முதல் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தில் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லை, மே 31-க்குள் ஏற்றுங்கள் என்று அதில் இருந்தது. நவம்பரில் 32,000 வாங்கியவர்கள் மார்ச் மாதம்தான் ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம் ‘கட்டணம் வரவில்லை’ என்று அப்படியே நின்றிருந்தது. அதற்கு ஜூலை 15 கடைசி நாள். இரண்டு நாள் முன்பு முடிந்துவிட்டது. வராத அந்தக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 30 யூரோ. ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். 1,85,000 வாங்கியவர்களுக்கு அந்த மூவாயிரத்தைக் கட்ட மனம் வரவில்லை.

மற்ற மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் தம்பி தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்டான். மூன்றும் மறுவாரத்துக்குள் பதில் எழுதின. உங்கள் பெயரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்று. எட்டு மாதம் இவர்களிடம் கெஞ்சியதற்குக் கிடைக்காத பதில் அங்கே ஒரு வாரத்தில் கிடைத்தது.

நாங்கள் கேட்காத ஒன்று மட்டும் அந்த அஞ்சல்பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். ஆண்டுக் கட்டணம் பதினோராயிரம் யூரோவுக்கு மேல். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இதில் சேர்ந்துவிடுங்கள் மேடம், முன்பணம் நான்கு லட்சம் கட்டினால் விசா வேலையை ஆரம்பித்துவிடலாம்” என்றார். கட்டணமில்லாத படிப்பு என்று சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று கேட்டேன். “7.4-க்கு அரசுப் பல்கலைக்கழகம் எப்படிக் கிடைக்கும்?” என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுத்ததைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே எண் குறைய குறையத்தான் மதிப்பு. பத்தில் 7.4, தேர்ச்சி 5 என்றால் 2.56 வருகிறது. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற நான் ஒரு நிமிடத்தில் போட்டுவிட்ட கணக்கு இது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால், 2.5 கேட்காத படிப்புகளாகத் தேடியிருப்போம், அல்லது வேறு வழி யோசித்திருப்போம். அன்று “7.4 தாராளமாகப் போதும், நூறு சதவீதம் உறுதி” என்றவர்கள் இவர்களேதான்.

எல்லாம் முடிந்த பிறகு தம்பியும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஏபிஎஸ் கட்டணம் 18,000 ரூபாய்தான். எங்களிடம் வாங்கியது 32,000. யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்துக்கும் சேர்த்து 195 யூரோ, சுமார் இருபதாயிரம் ரூபாய். எங்களிடம் வாங்கியது 1,28,000. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை, தனியார் கல்லூரிகள் கொடுக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாலை போட்ட படங்களில் எத்தனை பேர் எந்தக் கல்லூரிக்குப் போனார்களோ.

‘இலவசம்’ என்பதும் முழு உண்மை இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. மற்ற இடங்களில் கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும், விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு என்ற ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் பார்த்தபோது 11,904 யூரோ. நம் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் முதலில் கையில் வேண்டுமே! இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட இதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. மற்ற செலவுகளைக் கேட்டால் “விசா நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைக் காட்டுகிறார்கள். சேவைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கிறது. கீழே தம்பியின் கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. ரசீது கேட்டபோது கையால் எழுதிய சீட்டில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பணத்தில் பெரும்பகுதி முதலாளியின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. அவர்கள் அனுப்பிய க்யூஆர் குறியீட்டில் நானேதான் அனுப்பினேன். காவல் நிலையத்தில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, “இது சிவில் விவகாரம்மா, நுகர்வோர் நீதிமன்றம் போங்கள்” என்றார்கள். இன்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி என்னைத் தாண்டி இறங்கிப் போனார். “செவ்வாய்க்கிழமை வாருங்கள்” என்றார். இது அவர் சொல்லும் நான்காவது செவ்வாய்க்கிழமை.

1,85,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது அம்மா குடித்த அந்தச் சர்க்கரையில்லாத டீ.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். மணி பன்னிரண்டு ஆகிறது, காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மின்னஞ்சல் கணக்கையும் கடவுச்சொல்லையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட் இரண்டுக்கும் மாணவரே நேரடியாகப் பணம் கட்டலாம், கட்டுங்கள். படிப்புகளைத் தேட ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் இணையதளம் இருக்கிறது, காசு கிடையாது. ‘நூறு சதவீதம் உறுதி’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மதிப்பெண் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான புகாருக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் தஞ்சாவூரில் கொடுக்கப் போகிறோம். வாட்ஸ்அப் உரையாடல்களைத் தம்பி இப்போது பக்கத்து அறையில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை வங்கியில் வட்டி கட்ட வேண்டும்.