ஆறு மேகசின் பையும், அதற்குப் பதிலாக வாங்கிய பன்னிரண்டு டாலர் ஜிப் பையும்

போன வருடம் நாற்பது டாலர் கொடுத்து ஒரு ரேஞ்ச் பை, அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பை, வாங்கினேன். கறுப்புத் துணி, நல்ல தையல், தோளில் மாட்ட அகலப் பட்டை. காது மூடிக்கு ஓர் அறை, கண்ணாடிக்கு ஓர் அறை. நடு அறையைத் திறந்தால் பிஸ்டலுக்கு மெத்தென்ற இடம், எதிர்ச் சுவரில் வரிசையாக ஆறு எலாஸ்டிக் பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் சிறு உறையை, வைக்கலாம். அந்த ஆறு பட்டைகளைப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்று அதே ஆறு பட்டைகளுக்காகத்தான் இந்தப் பை வேண்டாம் என்று எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே அமைப்பில் பல கம்பெனிகள் பை விற்கின்றன. பெயரைவிட அமைப்பைக் கவனித்து வாங்குவதுதான் உங்களுக்கு உதவும்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் பக்கம். மதுரையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். பிறகு இருபது வருடம் தொடவே இல்லை. குடியுரிமை வந்த பிறகு இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, இலக்கின் நடு வட்டத்தைக் குறிபார்த்துச் சுடும் புல்ஸ்ஐ பிஸ்டல் போட்டிக்குச் சுட ஆரம்பித்தேன். என்னிடம் இருப்பது ருகர் மார்க் 4, .22 பிஸ்டல். தோட்டா சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் வரும்.

ஆறு மேகசின் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். புல்ஸ்ஐ போட்டியில் நேஷனல் மேட்ச் கோர்ஸ் என்ற ஒரு சுற்றுக்கு முப்பது குண்டு. 50 கஜத்தில் பத்து நிமிடத்தில் பத்து. அப்புறம் 25 கஜத்தில் இருபது விநாடிக்கு ஐந்து என்று இரண்டு முறை, பத்து விநாடிக்கு ஐந்து என்று இரண்டு முறை. மேகசினில் பத்து தோட்டா பிடித்தாலும் இந்த ஆட்டத்தில் ஐந்து ஐந்தாகத்தான் போடுவோம். ஆக, ஆறு மேகசினை முந்தின நாள் இரவே நிரப்பி வைத்துவிட்டால் காலையில் கை பரபரக்காமல் முழு கோர்ஸையும் சுடலாம். அந்த நிம்மதி எனக்கு முக்கியம். குறிபார்க்கும் நேரத்தில் மேகசின் நிரப்பும் வேலை தலைக்குள் ஓடக்கூடாது.

இரண்டு மாதம் அப்படியே போய் வந்தேன். ஒரு ஞாயிறு, கிளப்பின் மூத்த ரேஞ்ச் ஆபீசர் ஒருவர் என் பை திறந்திருந்ததைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வீட்டிலிருந்து இப்படியேதான் வருகிறீர்களா? கேரி லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். கைத்துப்பாக்கியை மறைத்தோ வண்டியிலோ எடுத்துச் செல்வதற்கான உரிமம் அது. இல்லை என்றேன். "அப்படியென்றால் வழி முழுக்க லோடு செய்த துப்பாக்கியோடு வந்திருக்கிறீர்கள்" என்றார்.

பிஸ்டலின் சேம்பர், அதாவது சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம், காலி. மேகசின் செருகவில்லை. எப்படி லோடு ஆகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அன்று மாலை சட்டத்தை எடுத்துப் படித்தேன். பென்சில்வேனியா குற்றவியல் தொகுப்பு, தலைப்பு 18, பிரிவு 6102. கழற்றக்கூடிய மேகசின் உள்ள துப்பாக்கிக்கு அங்கே தரும் விளக்கம் இது: தோட்டா நிரப்பிய மேகசின் துப்பாக்கிக்குள் இருந்தாலும் லோடு, துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில் இருந்தாலும் லோடு. பெட்டியில் பல அறைகள் இருந்தால், அதே அறையில் இருந்தால் லோடு. என் பையின் நடு அறை அதேதான்.

இதில் என்ன வந்தது என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் கைத்துப்பாக்கியை வண்டியில் எடுத்துப் போவதற்குப் பிரிவு 6106 சில விலக்குகள் தருகிறது. குறிபார்த்துச் சுடப் போகிறவர்களுக்கான விலக்கு அதில் ஒன்று. சுடுமிடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் துப்பாக்கி லோடு ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த ஒரு வார்த்தையில்தான் விலக்கே நிற்கிறது. அது போனால் மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். லைசென்ஸ் வாங்கத் தகுதி இருந்து, வேறு குற்றம் எதுவும் செய்யாதவராக இருந்தால் முதல் நிலை மிஸ்டமீனர், அதைவிடச் சிறிய குற்றம். அதற்கும் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே ஆபத்து. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. மேகசின் எங்கே செருகியிருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பம் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

அதே பிரிவு 6102 ஒரு வழியும் சொல்கிறது. மேகசினை ஒரு உறையில் போட்டு, அந்த உறை தோட்டாவை முழுமையாகவும் பத்திரமாகவும் மூடிவிட்டால், அந்த உறையையே தனி அறையாகக் கருத வேண்டும். எலாஸ்டிக் பட்டையில் மேகசினின் தலை வெளியே நிற்கிறது, மேல் தோட்டா கண்ணுக்குத் தெரிகிறது. அதை முழு மூடல் என்று யாரும் சொல்ல முடியாது. இதே துணியில் மேலே ஒரு மூடி வைத்துத் தைத்திருந்தால் இந்தப் பையை எல்லோருக்கும் சிபாரிசு செய்திருப்பேன்.

சரி, அதற்குப் பதில் என்ன வாங்கினேன்?

முதலில், பன்னிரண்டு டாலருக்கு ஒரு ஜிப் பை. பெயின்டர்கள் தூரிகை வைக்கும் பை போல நீளமாக இருக்கும், மூன்று பக்கமும் ஜிப். மேகசின்கள் உள்ளே உருண்டு ஒன்றோடொன்று இடித்தன. பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி ஐந்து தடுப்பு தைத்தேன். இப்போது ஆறும் நிமிர்ந்து நிற்கின்றன. ஜிப்பின் இழுவை மட்டும் மெலிசு. ஒரு குளிர்காலத்தில் வளைந்துவிட்டது, கீ செயின் வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டேன். வாங்கும்போது ஜிப் கடைசிவரை போய் மூடுகிறதா, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பிஸ்டலுக்கு பெலிகன் 1170 பெட்டி. இதைப் பற்றி மனசாரப் புகழ்ந்து எழுதலாம். உள்ளே பத்து அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம், ருகர் சரியாக உட்காருகிறது. ஃபோம் சிறு சிறு கட்டங்களாக வரும், விரலால் பிய்த்து வடிவம் செய்துகொள்ளலாம். பிய்க்கும்போது, சேம்பர் காலி என்று காட்ட அதில் செருகும் மஞ்சள் கொடிக்கும் இடம் விடுங்கள். நான் முதலில் மறந்து, மூடி அழுத்தியதில் கொடி வளைந்தது. பூட்டு மாட்ட இரண்டு துளைகள். இரண்டிலும் பூட்டுப் போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் மறு மூலையைத் தூக்கிப் பார்க்க முடிகிறதா என்று விமான நிலையத்தில் சோதிப்பார்கள். காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் வால்வு இருப்பதால் இறங்கிய பிறகு மூடி பிடித்துக்கொள்ளாது.

பிஸ்டல் தனிப் பெட்டியில் போய்விட்ட பிறகு ஜிப் பை எதற்கு என்று என் கணவர் கேட்டார். பெலிகன் பெட்டியையும் மேகசினையும் ஒரே பெரிய பைக்குள் போட்டால், எது பெட்டி எது அறை என்று சாலையோரத்தில் நின்று ஒரு போலீஸ்காரரிடம் வாதாட வேண்டிவரும். அந்த வாதத்துக்கு நான் இடம் வைக்க விரும்பவில்லை.

போன கோடையில் ஒஹையோவில் கேம்ப் பெர்ரிக்குப் போனோம். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம், ஈரி ஏரியின் கரை. எங்கள் வீட்டிலிருந்து டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை வழியாக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒஹையோவின் பிரிவு 2923.16லும் இதே சிந்தனைதான். வண்டியிலிருந்து இறங்காமல் எட்ட முடியாத இடத்திலோ, முழுமையாகத் தனியே மூடிய கொள்கலத்திலோ நிரப்பிய மேகசின் இருந்தால், துப்பாக்கி லோடு ஆகாததாகக் கணக்கு. 2022 ஜூனிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிறைந்தவர்களுக்கு அங்கே கைத்துப்பாக்கி விஷயத்தில் நிறையத் தளர்வு வந்திருக்கிறது. ஆனாலும் என் ஜிப் பை இரண்டு மாநிலத்துக்கும் பொருந்துகிறது என்பதில் எனக்குத் திருப்தி.

மாநில எல்லை தாண்டும்போது 1986ஆம் வருட மத்திய சட்டம் ஒன்று காப்பாற்றும். துப்பாக்கி லோடு ஆகாமல் இருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எங்கள் மினிவேனில் டிக்கி தனி அறை கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் இரண்டும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டாஷ்போர்டு அறையும் நடு கன்சோலும் கணக்கில் வராது. அதனால் ஜிப் பையையும் தோட்டாப் பெட்டிகளையும் ஒரு பச்சை இரும்பு அம்யூனிஷன் கேனில் வைத்துப் பூட்டுகிறேன். ராணுவ உபரிக் கடையில் கிடைக்கும், பூட்டு மாட்ட ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த மத்திய சட்டத்தை ரொம்பவும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு ரெவல் வழக்கைப் படியுங்கள். 2005ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குத் துப்பாக்கியோடு கிளம்பிய ஒருவருக்கு நியூவார்க்கில் அடுத்த விமானம் தவறியது. பெட்டி கைக்கு வந்தது, ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதைச் சட்டப்படி அறிவித்தார், கைதானார். ஓட்டலில் இருந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டும்படி இருந்தது என்று 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. இதைப் படித்ததிலிருந்து நான் நியூவார்க் வழியாகத் துப்பாக்கியோடு பறப்பதில்லை.

விமானத்தில் ஒரு தடவைதான் கொண்டுபோயிருக்கிறேன், ஃபீனிக்ஸில் பென் ஏவரி மைதானத்துக்கு. விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.ஏ. விதிப்படி நிரப்பிய மேகசினைப் பத்திரமாக மூடிய பெட்டியிலோ துப்பாக்கிப் பெட்டியிலோ வைத்து, செக்-இன் சாமானில் அனுப்பலாம். கவுன்டரில் இருந்தவர் தங்கள் விமானத்தில் நிரப்பிய மேகசினே கூடாது என்றார். விமான நிறுவனங்கள் கூடுதல் கட்டுப்பாடு வைக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்கள் இணையப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை, நான் அச்செடுத்து வந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம் நின்று, முப்பது தோட்டாவையும் ஒவ்வொன்றாக எடுத்து சி.சி.ஐ. பெட்டியில் திரும்ப அடுக்கினேன். விமானத்துக்கு மேகசினைக் காலியாகவே கொண்டு போங்கள், தோட்டா அதன் பெட்டியில் இருக்கட்டும். தோட்டாவின் எடை பல நிறுவனங்களில் ஐந்து கிலோ வரை இருக்கலாம். .22க்கு அந்தக் கவலையே இல்லை. கூட வந்த தோழி .45 சுடுகிறார், எம்.டி.எம். பிளாஸ்டிக் பெட்டிகளில் 180 தோட்டா வைத்து நிறுத்தியதில் நாலு கிலோ வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். கிளம்பும்போது, "சித்தி, அந்த இரும்புப் பெட்டிய குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்றான். "வேணாம்ப்பா, வச்சிடு" என்று பதறிவிட்டேன். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம், 922(ஜி)(5). ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் வரும். நம் ஆட்கள் எத்தனையோ பேர் வார இறுதியில் லாஸ் வேகஸ் போய்ச் சுட்டுவிட்டுப் படம் போடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அவனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது. நியூ ஜெர்சிக்காரன் என்றாலும் பென்சில்வேனியாவில் வெளிமாநிலத்தவருக்கான வேட்டை உரிமம் வாங்கலாம். அதற்கு முன் ஹன்டர்-டிராப்பர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும். அடுத்த மாதம் சனிக்கிழமை வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறான். அதுவரை பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன்.