மாதம் 3,000 ரூபாய், இரவில் ஒரு மணி நேரம்: எதில் போடலாம்?

வாடகை, பால், மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக எங்கள் வீட்டில் மாதம் 3,000 ரூபாய் மிஞ்சும். பிள்ளைகள் தூங்கிய பிறகு எனக்கென்று ஒரு மணி நேரமும் மிஞ்சும். இந்த இரண்டையும் பல வருடம் தனித்தனிக் கணக்காகவே வைத்திருந்தேன். பணம் வளர ஒரு வழி, அறிவு வளர வேறு வழி என்று நினைப்பு. ஆனால் பணத்தைப் போட்ட இடம் மனதைப் பிடித்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் புத்தகமும் மண்டையில் ஏறாது. பட்டுத்தான் இது தெரிந்தது. அதனால் இங்கே ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்கிறேன்: எனக்கு என்ன தருகிறது, அதற்காக எவ்வளவு யோசிக்க வைக்கிறது?

சீட்டிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதிகம் பழக்கம் அதுதான். 20 பேர், தலைக்கு 3,000 ரூபாய், 20 மாத ஏலச்சீட்டு. மாதம் சேரும் மொத்தம் 60,000, அதை மாதம் ஒருவர் ஏலத்தில் எடுப்பார். முதல் மாதம் அவசரத்தில் இருப்பவர் 15,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, 45,000-க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 3,000. மீதி 12,000 ரூபாயை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 600. அந்த மாதம் 2,400 கட்டினால் போதும். போகப் போகத் தள்ளு குறையும். கடைசி மாதம் தள்ளுவதற்கு யாரும் இல்லை, கமிஷன் மட்டும்தான் கழியும். சராசரியாக மாதம் 300 ரூபாய் கழிவு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் மொத்தம் 54,000 கட்டியிருப்பார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் எடுத்தவருக்கு அது கடன். கிட்டத்தட்ட இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் கணக்கில் வாங்கியதற்குச் சமம். கடைசி வரை காத்திருந்தவருக்கு 57,000 வரும். 54,000 கட்டி 3,000 லாபம். மாதா மாதம் கட்டிய பணத்துக்கு அது நூற்றுக்குச் சுமார் 58 பைசா வட்டிதான் ஆகிறது. 'சீட்டுல நல்லா நிக்கும்' என்று நானும் சொல்லித் திரிந்தவன். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அஞ்சலக ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) தருவது 56 பைசா. 2023 அக்டோபரில் வட்டி ஆண்டுக்கு 6.7 சதவீதமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி. மாதம் 3,000 வீதம் 5 வருடம் கட்டினால் 1,80,000 ரூபாய் ஏறக்குறைய 2,14,000 ஆகும். கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் வட்டியே கடைசி வரைக்கும். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். 12 தவணை கட்டிய பிறகு, கணக்கில் உள்ளதில் பாதி வரை கடன் வாங்கலாம், ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம். 3 வருடத்துக்குப் பிறகு இடையில் முடித்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். அது நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். விலைவாசி ஏறும் வேகத்துக்கு 6.7 சதவீதம் பெரிய வளர்ச்சியும் இல்லை.

ஆக, வித்தியாசம் 2 பைசா. அந்த 2 பைசாவுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா சீட்டு நடத்தினார். நல்ல மனுஷி, ஏமாற்றும் எண்ணமே கிடையாது. "தம்பி, அவசரம்னா நீ தள்ளிக் கேளு, இல்லேன்னா கடைசியா எடுத்துக்கோ, நல்லா நிக்கும்" என்பார். பதினான்காவது மாதம் அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தார். சீட்டு நின்றது. பணம் கடைசியில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் கேட்பதா வேண்டாமா என்று ஒரு போராட்டம். இரவில் புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பேன்.

சீட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் பெரிய செலவு வரும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு, வங்கிப் படியேற முடியாதவருக்கு, அது உண்மையான உதவி. ஆனால் பதிவு பெற்ற சீட்டாக இருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நடத்துபவர் பிணையும் வைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. 7 சதவீதம் என்றால் மேலே போட்ட கணக்கில் கடைசி ஆளின் லாபம் இன்னும் சுருங்கும்.

நகைத் திட்டம் என் மனைவியின் கட்சி. 11 மாதம் கட்டி 12-ஆம் மாதம் நகை எடுப்பது. ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம்? பொருளுக்கு முன்பணமாக வாங்கியதை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால், கம்பெனிகளுக்கான 2014 விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். அந்த எல்லைக்குள் நிற்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. அதாவது நீங்கள் போடுவது சேமிப்பு இல்லை, நகைக்கு அட்வான்ஸ். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடு இதற்கு இல்லை. கடை மூடிப்போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவு, 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று அலைய வேண்டும். செய்கூலி, சேதாரம் தள்ளுபடி என்றால் எத்தனை சதவீதம் வரை என்று அட்டையின் பின்பக்கம் படியுங்கள். நகை எடுக்கும் அன்று 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

இருந்தாலும், மாதா மாதம் பணமாக வைக்காமல் கிராமாக வரவு வைக்கும் திட்டத்தில் விலை ஏறினாலும் நம் கிராம் நம்முடையது. மகளுக்கு எப்படியும் நகை எடுக்கப் போகிறோம் என்றால் இது சரி. என் மனைவி கடைக்காரரை நினைத்து ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆக, அவளுக்கு அது பொருந்துகிறது. முதலீடு என்ற பெயரில் மட்டும் போடாதீர்கள். விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

அடுத்தது அந்த ஒரு மணி நேரம். இதில்தான் எனக்குப் பெரிய அடி.

வேலையில் முன்னேற டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கலாம் என்று ஒரு நிறுவனத்தின் கட்டண வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 36,000. "மாசம் 3,000 தான் சார், 12 மாசம்" என்றார் போனில் பேசிய பையன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அது வகுப்புக்குக் கட்டும் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் எடுத்த கடன். ஐந்தாவது வாரம் வகுப்பு என் தலைக்கு மேலே போனது. நான் நின்றேன், இ.எம்.ஐ. நிற்கவில்லை. அந்த வருடம் ஆர்.டி.யும் இல்லை, படிப்பும் இல்லை. செல்போனில் எடுக்கும் கடனுக்கு, சில நாளுக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி விலகிக்கொள்ளும் அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 முதல் சொல்லிவருகிறது. எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் என்.பி.டி.இ.எல். என்ற இணைய வழிப் பாடத் திட்டம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் 2003-இல் தொடங்கியது. 4, 8, 12 வாரப் பாடங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். வாராவாரம் கொடுக்கும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், பரீட்சைக்கு 75. குறை என்ன? தடுக்கினால் தூக்கிவிட ஆள் இல்லை. ஆசிரியர் பேசும் வேகம் எல்லாருக்கும் ஒத்துவராது. பாதியில் விட்டவர்களில் நானும் உண்டு. ஆனால் விட்டதால் எனக்கு ஒரு ரூபாய் கடன் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே பாடத்தைத் திரும்ப எடுத்து முடித்தேன்.

அப்புறம் நூலகம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதால் வந்தது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன் பலனாக இன்று வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள், வரியில் ரூபாய்க்கு 10 பைசா. எங்களைப் போல வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மாதா மாதம் காசு கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறோம். குழந்தைகள் பகுதியில் அவர்களை விட்டால் திரும்பிக் கூட்டிவருவதுதான் பாடு. வார நாளுக்குக் கிளை நூலகம் போதும், புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம். திருப்பிக் கொடுக்கும் தேதி ஒன்று இருப்பதால் படித்தும் விடுகிறோம். வாங்கி அலமாரியில் வைத்த புத்தகங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வேலைக்கான திறமைக்கு நூலகம் மட்டும் போதாது, அதற்கு என்.பி.டி.இ.எல். போன்ற ஒன்று வேண்டும். கட்டண வகுப்பு எனக்குப் பொருந்தவில்லை. எதிரில் ஒரு ஆசிரியர் இருந்தால்தான் படிப்பேன் என்பவர், கையில் இருக்கும் காசில் சேருவதாக இருந்தால் சேரட்டும். கடன் வாங்கி வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது 2,000 ஆர்.டி.க்கு, 1,000 மனைவியின் நகைத் திட்டத்துக்கு. போன மாதம் அந்த அக்கா புதுச் சீட்டு ஆரம்பித்துக் கூப்பிட்டார். "இந்தத் தடவை வேண்டாம் அக்கா" என்றேன். அவரும் வருத்தப்படவில்லை, காபி கொடுத்து அனுப்பினார்.