கிராஸ்மியர் பக்கம் ஒரு அக்டோபர் நடை: ஈஸ்டேலா, டார்ன் ஹவ்ஸா?

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு இலையுதிர் காலத்தில் போனால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால், ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு ஏரிக்கு நடக்கலாம் என்றால், எந்த ஏரிக்கு?

மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிறு ஏரியை அங்கே 'டார்ன்' என்பார்கள். என் கணக்கில் போட்டி இரண்டுக்குள்தான்: ஹாக்ஸ்ஹெட்டுக்கும் கானிஸ்டனுக்கும் இடையில் இருக்கும் டார்ன் ஹவ்ஸ், கிராஸ்மியர் ஊருக்கு மேலே இருக்கும் ஈஸ்டேல் டார்ன்.

நிறம்தான் வேண்டும் என்றால் டார்ன் ஹவ்ஸை எதுவும் நெருங்க முடியாது. கரையில் லார்ச் மரங்கள் நிற்கின்றன. ஊசியிலை மரம் என்றாலும் லார்ச் இலையுதிர்க்கும் வகை. உதிர்வதற்கு முன் மரம் முழுக்கப் பொன்னாக மாறிவிடும். பச்சை மாறாத மற்ற மரங்களுக்கு நடுவே அந்தப் பொன் நிறம் தண்ணீரில் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் கால் நகராது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், இயற்கை அப்படியே விட்டுவைத்த ஏரி இல்லை இது. முன்பு இங்கே மூன்று சிறு குளங்கள் இருந்தன. 1860களில் ஜேம்ஸ் கார்த் மார்ஷல் என்ற நிலக்கிழார் அணை கட்டி, மூன்றையும் ஒன்றாக்கி, சுற்றிலும் மரம் நட்டார். 1930இல் இந்த நிலத்தை வாங்கிய குழந்தைகள் கதை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர், ஏரி இருக்கும் பாதியை இயற்கையையும் பழைய இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். இன்றைக்கு நாம் அங்கே நடக்க முடிவது அதனால்தான்.

ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பாதையைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூடக் கூட்டிப்போகலாம். முட்டிவலி உள்ள என் அம்மா ஒரு இடத்தில்கூட உட்காராமல் சுற்றி வந்தார். ஆனால் தனிமை? வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடங்களில் ஏரி வந்துவிடுகிறது. கூட்டமும் கூடவே வந்துவிடுகிறது. காலை ஒன்பதுக்கு முன் போனால்தான் தண்ணீர்ச் சத்தம் காதில் விழும்.

ஈஸ்டேல் அப்படி இல்லை. கிராஸ்மியர் நடுவிலிருந்தே நடக்கத் தொடங்கிவிடலாம். போய்வர 7 கிலோமீட்டர் வரும், சுமார் 200 மீட்டர் ஏற்றம். முதலில் ஓடையோரம், கல்சுவர் கட்டிய புல்வெளிகள், ஹெர்ட்விக் ஆடுகள். பிறகு சவர்மில்க் கில் அருவி. புளித்த பால் மாதிரி வெள்ளையாகப் பொங்குவதால் அந்தப் பெயர். கோடையில் ஒடுங்கிக் கிடக்கும் அருவி அக்டோபர் மழைக்குப் பிறகு இரைந்துகொண்டு இறங்கும். அதன் பக்கமாகவே ஏறவேண்டும். மரங்கள் கீழேயே நின்றுவிடும். மேலே இருபுறமும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் பெரணிதான். ஏரி எங்கேயும் தலைகாட்டாது. அந்தக் காலத்துப் பனியாறு குவித்துவிட்டுப் போன மேட்டில் ஏறி முடித்ததும், கருத்த தண்ணீர் சட்டென்று காலடியில் கிடக்கும். பின்னால் டார்ன் கிராக் பாறை, காற்று, அவ்வளவுதான். நான் முதல்முறை போனபோது அரை மணி நேரத்தில் இரண்டே பேரைத்தான் பார்த்தேன்.

குறையும் சொல்லவேண்டும். ஈரக் கற்கள் சோப்பு மாதிரி வழுக்கும். இறங்கும்போது நான் ஒருமுறை நன்றாக விழுந்தேன். மழைக்கு ஒதுங்க மேலே இடமும் இல்லை. பள்ளத்தாக்கில் இருட்டும் சீக்கிரம் இறங்கும். இந்த ஈஸ்டேலில் வாழ்ந்த ஜார்ஜ் கிரீனும் அவர் மனைவி சாராவும் 1808 மார்ச்சில் லாங்டேலிலிருந்து மலை தாண்டித் திரும்பும்போது பனியில் வழிதவறி இறந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக நிதி திரட்டிய டோரதி வேர்ட்ஸ்வொர்த் (கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை), அந்தத் துயரத்தை எழுதியும் வைத்தார். அதைப் படித்த பிறகு நான் பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே ஏறத் தொடங்குவதில்லை.

மூன்றாவதாக அல்காக் டார்ன் என்று சொல்வார்கள். வேர்ட்ஸ்வொர்த் குடும்பம் வாழ்ந்த டவ் காட்டேஜ் வீட்டுப் பக்கமிருந்து மேலே ஏறலாம், கிராஸ்மியர் ஏரி மொத்தமும் கீழே தெரியும். காட்சிக்காகப் போகலாம், ஏரிக்காக என்றால் வேண்டாம், மிகச் சிறியது.

வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால், யோசிக்காமல் டார்ன் ஹவ்ஸ். கார் இருந்தால் நல்லது. தனியாகவோ நண்பரோடோ போனால் ஈஸ்டேல்தான். விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து 555 பேருந்து கிராஸ்மியரில் இறக்கிவிடும். தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கடையில் 1854 முதல் விற்கும் இஞ்சி ரொட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மேலே ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட அது போதும்.