லாங் ட்ரிப்ல கடைசி ரெண்டு மூணு நாள்: எந்த சாமான் தாங்குச்சு, எது டிக்கிலயே கெடந்துச்சு

ரோட் ட்ரிப் சாமான் பத்தி வர்ற ரிவ்யூ முக்கால்வாசி மொத வாரத்துலயே எழுதினதா இருக்கும். பெட்டியப் பிரிச்சு ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு சூப்பர், அஞ்சுக்கு அஞ்சுன்னு போட்டுட்டு போயிடுவாங்க. மொத நாள்ல எதுதான் நல்லா இருக்காது, உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும், கண்ணாடி பளிச்சுனு இருக்கும், டிக்கில வெச்சது வெச்ச இடத்துல இருக்கும். ஒரு பொருள் தேறுமா தேறாதான்னு தெரியறது திரும்பி வர்றப்போ, வீட்டுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் ஓட்டம் பாக்கி இருக்கும் பாருங்க, அப்பதான். நாட்டோட ஒரு கோடியில இருந்து மறுகோடிக்குப் போயி திரும்பற மாதிரி ஓட்டம் பல வருஷமா போயிட்டிருக்கேன், பெரும்பாலும் நானும் தம்பியும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். அந்தக் கடைசி நாட்கள்ல எது கை கொடுத்துச்சு, எது தண்டம்ங்கறத மட்டும் எழுதறேன்.

மொத மார்க் 12 வோல்ட் சாக்கெட்ல சொருகற காத்தடிக்கற மெஷினுக்குத்தான், அதாவது இன்ஃப்ளேட்டருக்கு. பஞ்சர் ஆனா ஒதவும்னு வாங்கினது, ஆனா பஞ்சருக்கு எடுத்ததை விட காலைல காத்து செக் பண்ண எடுத்ததுதான் ஜாஸ்தி. ஓடி சூடான டயர்ல காத்து பாத்து பிரயோஜனம் இல்ல, வண்டி குறைஞ்சது 3 மணி நேரம் நின்னிருக்கணும், அப்பதான் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் நம்பரோட ஒப்பிட முடியும். ஓட்டிட்டு வந்த கையோட செக் பண்ணா நாலஞ்சு பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்தத்த அளக்கற அளவு) கூடவே காட்டும், அதப் பாத்து காத்த எறக்கி விட்டா மறுநாள் காலைல டயர் சொங்கிப் போயி நிக்கும். வெளிய டெம்பரேச்சர் அஞ்சாறு டிகிரி செல்சியஸ் குறைஞ்சா ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ எறங்கும், அதனால சமவெளில கிளம்பி ராத்திரி மலை மேல தங்கினா காலைல நாலு டயருமே கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும், அதுக்கெல்லாம் பயப்பட வேணாம். நாலுல ஒண்ணு மட்டும் தனியா எறங்குனாத்தான் கவலைப்படணும்.

ஒரு திரும்பல் ஓட்டத்துல அப்படித்தான் ஆச்சு. மூணு டயர் 33 காட்டுது, பின்னாடி ஒண்ணு மட்டும் 29. சரி குளிருக்கு எறங்கியிருக்கும்னு நெரப்பிட்டு ஓட்டினோம், மறுநாள் காலைல திரும்பவும் அதே டயர் 30. தம்பி தண்ணி பாட்டில்ல கொஞ்சம் சோப்பு கலக்கி டயர் மேல ஊத்தி வண்டிய இஞ்ச் இஞ்சா நகத்தச் சொன்னான், ட்ரெட் பள்ளத்துக்குள்ள ஒரு இடத்துல பொடிப்பொடியா நுரை வந்துட்டே இருந்துச்சு, தொடச்சுப் பாத்தா ஒரு ஸ்க்ரூ, தலை தேஞ்சு டயரோட டயரா வழவழன்னு ஆயிருந்துச்சு, எத்தன நாளா கூட வந்துச்சோ. அதப் புடுங்காம அப்படியே பஞ்சர் கடைக்கு ஓட்டிட்டுப் போனோம், புடுங்கியிருந்தா அங்கயே உக்காந்திருப்போம். இதுக்கு டேஷ்போர்டுல டயர் லைட் எரிஞ்சிருக்காதான்னு கேப்பீங்க. அமெரிக்க விதிப்படி அந்த சிஸ்டம் எச்சரிச்சே ஆகணும்னு இருக்கறது ஸ்டிக்கர் அளவ விட 25 சதவீதம் குறையும்போதுதான், அதாவது 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வரணும். ஃபுல் லோடோட ஹைவேல போற வண்டிக்கு 24 எல்லாம் ரொம்ப லேட்டு. இன்ஃப்ளேட்டர்ல ஒரே குறை, தொடர்ந்து பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடினா சூடாகிடும், வால்வுல மாட்டற பித்தளை முனைய வெறுங்கையில கழட்டினா தோல் போயிடும், துணி வெச்சு புடிங்க.

ஸ்டெப்னி பத்தியும் இதுலயே சொல்லிடறேன். உங்க வண்டில இருக்கறது ஒல்லி ஸ்டெப்னியா இருந்தா அதுக்குக் காத்து பொதுவா 60 பிஎஸ்ஐ, வேகம் 80 கிமீ தாண்டக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கும். போகும்போது டிக்கில எடம் இருக்கும், வரும்போது வாங்கினது கொடுத்து விட்டதுன்னு எல்லாம் அது தலை மேல ஏறி உக்காந்திருக்கும், நடுராத்திரி ரோட்டோரத்துல அத்தனையும் எறக்கி வெச்சாத்தான் அத எடுக்கவே முடியும். நாங்க திரும்பும்போது ஜாக்கி, ஸ்பேனர், டார்ச்சு மூணையும் பின் சீட்டு காலடில மாத்திடுவோம்.

அடுத்து அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், அதாவது முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்த தானா பாத்துக்கறது. வருஷக்கணக்கா யூஸ் பண்ணிட்டு சொல்றேன், வலது காலுக்கு இத விட பெரிய புண்ணியம் கிடையாது, நாள் முழுக்க ஆக்ஸிலேட்டர ஒரே அளவுல அமுக்கிப் புடிச்ச கணுக்கால் வலி சுத்தமா போச்சு. ஆனா கடைசி நாட்கள்ல இதோட இன்னொரு முகம் தெரியும். கால் சும்மா இருக்கு, ஸ்டியரிங்க லேன் அசிஸ்ட் லேசா புடிச்சுக்குது, ரோடு நேரா போகுது, மனசு எங்கயோ போயிடும், போன இருபது கிமீ எப்படி வந்தோம்னே ஞாபகம் இருக்காது. களைப்பு குறையறது நெஜம், சோம்பல் கூடறதும் நெஜம். அப்புறம் பல கம்பெனி மேனுவல்லயே எழுதியிருப்பாங்க, ரோட்டுல நிக்கற வண்டிய இது கண்டுக்காம போகலாம்னு. முன்னாடி போற வண்டி திடீர்னு லேன் மாறி, அதுக்கு முன்னாடி ஒண்ணு நின்னுட்டிருந்தா பிரேக் நீங்கதான் அடிக்கணும். பூச்சி மேட்டர் வேற, சாயங்காலம் வயக்காடு ஓரமா ஓட்டினா முன்பக்கம் முழுக்க பூச்சி அப்பி சென்சார் மறைக்கப்பட்டிருக்குன்னு மெசேஜ் வந்து சிஸ்டமே ஆஃப் ஆயிடும். ஒவ்வொரு தடவ எரிபொருள் போடும்போதும் சென்சார ஈரத்துணியால ஒரு தொடப்பு தொடச்சா போதும். வைப்பர் தண்ணியும் கரெக்டா இந்தக் கடைசி நாட்கள்லதான் தீரும், எக்ஸ்ட்ரா ஒரு கேன் இருக்கட்டும்.

போலரைஸ்டு கூலிங் க்ளாஸ் எதிர் வெயிலுக்கு அருமை, சில டிஸ்ப்ளே மட்டும் அதுல பாத்தா கருப்பாத் தெரியும், வாங்கறதுக்கு முன்னாடி உங்க வண்டில உக்காந்து போட்டுப் பாத்துடுங்க. கண்ணாடில ஒட்டற ஃபோன் ஹோல்டர் வேணாம், வெயில் பட்டு சார்ஜும் ஏறிட்டிருந்தா ஃபோன் சூடாகி மேப்பு நின்னுடும், ஏசி வென்ட்ல மாட்டறது வாங்குங்க. போர்ட்டபிள் ஃப்ரிட்ஜ் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ஓடுது.

இடுப்பு மெத்தைக்குத்தான் நான் எதிர்பார்த்ததுக்கு நேர்மாறா மார்க் போட வேண்டியிருக்கு. மொத நாலு நாள் சொர்க்கம். அப்புறம் ஃபோம் அமுங்கி ஒரு பக்கமா சாஞ்சு, அது இல்லாமயே நல்லா இருக்கேன்னு தோணும். மெத்தை சரியில்லங்கறது பாதிதான், எந்த மெத்தையும் எழுந்து நடக்கறதுக்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணா ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகற ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு வந்துச்சு, ப்ளேன் மட்டும் இல்ல, காரும் பஸ்ஸும் ட்ரெயினும் அதுல சேத்தி. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு மொத்தமா பாத்தா அது 6,000 பேர்ல ஒருத்தர் அளவுலதான், அதனால பீதியாக வேணாம், ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எறங்கி ஒரு சுத்து நடங்க. ஐரோப்பிய யூனியன்ல லாரி டிரைவர்களுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ப்ரேக் கட்டாயம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரைக்கும் போலாம். தொழிலே அதுவா இருக்கறவங்களுக்கு அந்த லிமிட்டு, நம்மாளுங்க கடைசி நாள்ல பதினாலு மணி நேரம் அடிச்சுட்டு அத பெருமையா வேற சொல்லுவாங்க.

அந்தப் பதினாலு மணி நேரம் எங்க இருந்து வருதுன்னா, வீட்டு வாசனை பட்ட மாடு மாதிரி கால் தானா வேகமாகுது. மேப்ல 600 கிமீ பாக்கின்னு காட்டினா, காலைல இருந்து 500 ஓட்டியாச்சே, இதுக்குன்னு ஒரு ரூம் போடணுமான்னு தோணும். பைலட் ட்ரெயினிங்ல அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ இந்தப் புத்திய ஒரு தனி ஆபத்தாவே சொல்லித் தருது, போய்ச் சேந்தே ஆகணும்ங்கற வெறில கண் முன்னாடி இருக்கற அறிகுறி தெரியாம போறது. 1997ல நேச்சர் இதழ்ல டாசன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கட்டுரைல, 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட செயல்திறன் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு வந்துடுதுன்னு காட்டியிருக்காங்க, பல நாட்டுல சட்டப்படி ஓட்டக்கூடாதுங்கற அளவு அது. காலைல 5 மணிக்கு எழுந்தா ராத்திரி 10 மணிக்கு நீங்க அந்த நிலைமை. 100 கிமீ வேகத்துல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போகுது வண்டி, நாலு செகண்ட் கண்ணு சொருகினா 110 மீட்டர் யாருமே ஓட்டல.

ஜன்னல எறக்கறது, பாட்டு சத்தத்த ஏத்தறது எல்லாம் நாங்களும் ட்ரை பண்ணதுதான், கொஞ்ச நேரம் தாங்கும் அவ்வளவுதான். இங்கிலாந்துல லஃப்பரோ யூனிவர்சிட்டில டிரைவிங் சிமுலேட்டர் வெச்சு 1990கள்ல சோதிச்சப்பவும் அதேதான் வந்துச்சு, உருப்படியா வேலை செஞ்சது காஃபியும் கால் மணி நேரத்துக் குட்டித் தூக்கமும்தான். ட்ரிக் என்னன்னா காஃபிய மொதல்ல குடிச்சுட்டு ஒடனே சீட்ட சாச்சுப் படுக்கணும், கஃபீன் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், எழுந்திரிக்கறதுக்கும் அது ஏறறதுக்கும் சரியா இருக்கும். அலாரம் வெச்சுக்கோங்க, முக்கால் மணி நேரம் தூங்கிட்டா எழுந்து மப்பா இருக்கும். சாயங்காலத்துக்கு மேல இது வேணாம், கஃபீன் பாதி கொறையவே அஞ்சு மணி நேரம் ஆகும், ராத்திரி தூக்கம் கெட்டு மறுநாள் இன்னும் மோசமாகும்.

வேகத்துலயும் கணக்கு போட்டுப் பாத்தாச்சு. பாக்கி 300 கிமீய 100ல போனா 3 மணி நேரம், 120ல போனா ரெண்டரை, மிச்சம் அரை மணி. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 100ல இருந்து 120 போனா அது 1.44 மடங்கு, மேல ரூஃப் பாக்ஸ் வேற இருந்துச்சுன்னா டேங்க் முள்ளு எறங்கறது கண்ணுக்கே தெரியும். அந்த அரை மணில பாதி எக்ஸ்ட்ராவா எரிபொருள் போட நிக்கறதுல போயிடும்.

நானும் தம்பியும் இப்ப வெச்சிருக்கற ஏற்பாடு, கடைசி ராத்திரி எங்க தங்கறதுங்கறத அதுக்கு மொத நாளே புக் பண்ணிடறது, அதுவும் கேன்சல் பண்ணா காசு திரும்பாத ரூமா பாத்து. வீட்டுக்கு மூணு மணி நேர தூரத்துல இருந்தாலும் பரவால்ல. ஓட்டிட்டு இருக்கறவன் இன்னும் தெம்பா இருக்கேன்னு சொன்னா அது செல்லாது, பக்கத்துல உக்காந்திருக்கறவன் பேச்சுதான் செல்லும், ஏன்னா கொட்டாவிய எண்றது அவன்தான். தம்பி இதுக்கு ஒத்துக்கவே மாட்டேன்னு ஒரு ட்ரிப் முழுக்க சண்டை போட்டான், இப்ப அவன்தான் ரூம் புக் பண்றதே.

ரூஃப் பாக்ஸ விக்கப் போறேன். இன்ஃப்ளேட்டருக்கு நீள வயர் வெச்சதா ஒண்ணு பாத்துட்டு இருக்கேன், இப்ப இருக்கறது பின் டயருக்கு எட்டணும்னா கதவ முழுசா தொறந்து வெக்க வேண்டியிருக்கு.