இரண்டும் ஓசிதான்: எங்கள் வீட்டு விண்டோஸும் லினக்ஸும்

விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருளான லினக்ஸைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே "இலவசம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மன்னார்குடியில் அந்த வாதம் எடுபடாது. இங்கே விண்டோஸும் இலவசம்தான். எந்த சர்வீஸ் கடையில் கொடுத்தாலும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் ஏற்றித் தருவார்கள். நாம் கொடுக்கிற காசு அவர் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி. ஆபீஸ், ஃபோட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதே பென்டிரைவிலிருந்து கூடவே இறங்கும், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி. லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே, திரையின் மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலான எழுத்து வரும்போதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். புது லேப்டாப் வாங்கினாலோ விண்டோஸின் விலை லேப்டாப் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

இரண்டு இலவசமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உரிமமும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும், அதாவது அது எழுதப்பட்ட வரிகளையும், சேர்த்துக் கொடு. கடையில் ஏற்றித் தரும் விண்டோஸ், அடுத்த வீட்டுத் தோப்பில் சொல்லாமல் பறித்த மாங்காய். இதை அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னேன். "சரிடா, என் பிரிண்டர் ஓடுமா?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்: அப்பாவின் லேப்டாப், அண்ணனின் உரக்கடை டெஸ்க்டாப், என்னுடைய லேப்டாப். மூன்றிலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் மூன்று தீர்ப்பு சொன்னது.

தொடாமல் போன பாஸ்

2012-இல் பிளஸ் டூ படித்தபோது எனக்கு அரசு லேப்டாப் கிடைத்தது. ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் வகுப்பில் அதற்குள் போனவர்கள், அம்புக்குறியைத் தெரியாமல் அழுத்தியவர்கள் மட்டும்தான். கொஞ்ச நாளில் ஆளாளுக்குக் கடையில் கொடுத்து, அந்த இடத்தையும் சினிமா வைக்க ஒதுக்கிக்கொண்டோம்.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் லினக்ஸுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. தொண்ணூறுகளின் முடிவில் திருவாரூர் ஆட்சியராக இருந்து தாலுகா அலுவலகங்களைக் கணினிக்கு மாற்றிய உமாசங்கர்தான், பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகி அங்கே லினக்ஸைக் கொண்டுபோனவர். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்தக் காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. லினக்ஸ் என்ற பெயரை மட்டும் என் வாயால்தான் முதன்முதலில் கேட்டாராம்.

ஏன் இப்போது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் அனுமதி. அப்பாவின் லேப்டாப் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அப்பாவுக்கு இருந்த வழிகள் இவை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து, தனிநபர்களுக்கு அறிவித்த நீட்டிப்பில் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டுவது. இது தள்ளிப்போடுவதுதான், தீர்வில்லை. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. கடைக்காரர் "பண்ணிடலாம் சார்" என்றார், ஆனால் அப்படி ஏற்றிய மிஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. புது லேப்டாப் வாங்குவது. நாலு கடிதமும் யூடியூப் உபன்யாசமும் மட்டுமே வேலையாக உள்ள மனிதருக்கு அது வீண் செலவு. மிச்சம் லினக்ஸ்.

அப்பாவின் லேப்டாப்

லினக்ஸில் நூறு வகை இருக்கிறது, அந்தக் காட்டுக்குள் நான் போகவில்லை. லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு, கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு என்று விண்டோஸ் 7 சாயல். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிந்தது பெரிய வசதி. பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

வேகத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மின்ட் போடும்போதே பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் பூட் ஆகாத மிஷின், டம்ளரை எடுப்பதற்குள் தயாராகிவிட்டது. இதில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குச் சேர வேண்டியது. விண்டோஸ் 10-ஐயே அதில் வைத்திருந்தாலும் நன்றாகத்தான் ஓடியிருக்கும். மின்ட்டின் சொந்த லாபம் ராமில் தெரிந்தது: சும்மா இருக்கும்போது விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், மின்ட் 1 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இரண்டும் ஒரே மாதிரி மூச்சு வாங்கும்.

நான் பயந்தது தமிழ் டைப்பிங்கைத்தான். அப்பா தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளை வைத்துக்கொண்டு பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பார். நான் ஊருக்குப் போனது ஒரு சனிக்கிழமை. மன்னை எக்ஸ்பிரஸில் இறங்கிக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மின்ட்டில் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் போட்டு, எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, ஃபோனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவசரத்தில், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி அடிக்கும் ஃபோனெட்டிக்கைத் தேர்ந்தெடுத்து அப்பாவிடம் நீட்டிவிட்டேன். கீபோர்டைப் பார்க்காமலே "பெறுநர்" என்று அடித்தார். திரையில் வந்தது எந்த மொழியிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார், தப்பு கண்ணாடியில் இருக்குமோ என்பதுபோல். டைப்ரைட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை பெறுநர் பெறுநராகவே வந்தார். ஓரிரு குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. அவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.

விண்டோஸ் இதில் பின்தங்கியது என்று சொல்ல மாட்டேன். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10-இலேயே வந்துவிட்டது. லினக்ஸ் சறுக்குவது பழைய கோப்புகளில். அப்பா வருஷக்கணக்கில் கோயில் கமிட்டிக்கு அடித்த நோட்டீஸ் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாமல், மைக்ரோசாஃப்ட் ஆபீசுக்கு மாற்றான லிப்ரே ஆபீசில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்துப் போட்டால் படிக்கலாம், அச்சடிக்கலாம். ஆனால் அதே முறையில் புதிதாக அடிப்பது லினக்ஸில் தலைவலி. பழையதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் புதியதை யூனிகோடிலேயே அடிப்பதுதான் வழி. இன்னொன்று: லதா, நிர்மலா போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருவில் வந்த வேர்டு கோப்பைத் திறந்தால் லிப்ரே ஆபீஸ் நோட்டோவையோ லோஹித்தையோ மாற்றிப் போடும்; ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகும். கோப்பு அனுப்புகிறவர்களிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டோம்.

அக்கா மகள் பென்டிரைவோடு வந்த அன்று மின்ட் எங்களிடம் நல்ல பெயர் வாங்கியது. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ், உள்ளே ஷார்ட்கட் வைரஸ். அவளுடைய விண்டோஸில் ஃபோல்டர் எல்லாம் மறைந்து ஷார்ட்கட்டாக மட்டும் தெரிந்தன. மின்ட்டில் செருகினால் அவள் நோட்ஸும் இருந்தது, அந்த ஷார்ட்கட் கோப்புகளும் அதன் பக்கத்திலேயே செத்த கரப்பான் மாதிரி மல்லாந்து கிடந்தன. அவற்றை இயக்க அங்கே யாரும் இல்லை. அழித்தோம், முடிந்தது.

அண்ணன் கடை

இங்கே லினக்ஸ் தோற்றது. சும்மா இல்லை, இன்னிங்ஸ் தோல்வி.

கணக்கு டேலியில். டேலி விண்டோஸுக்கானது. ஒயின் என்ற இடைத்தரகரை வைத்து லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் சம்பா நடவுக்கு யூரியா கேட்டு வரப்பு நீளத்துக்கு ஆள் நிற்கும்போது பரிசோதனை நடத்த முடியாது. ஆடிட்டர் கேட்பது டேலி பேக்கப். அதற்கு மேல் பேச்சில்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய விண்டோஸ் வேண்டும் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார், அது மட்டும் தப்பு. தனிநபர் வணிகத்துக்கு ஓடிபி வைத்து பிரவுசரிலேயே முடித்துவிடலாம், எந்த சிஸ்டமானாலும் சரி. கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ இருந்து டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருக வேண்டியவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நிம்மதி.

அப்புறம் அந்த பிரிண்டர். சில கம்பெனி பிரிண்டர்கள் லினக்ஸில் செருகியதும் ஓடும். ஹெச்பி தன் பிரிண்டர்களுக்காக ஹெச்பிலிப் என்ற திறமூல மென்பொருளையே தருகிறது. அண்ணனுடையதோ தனக்கென்று ஒரு தனிப்பாஷை வைத்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டர், பல கடைகளில் பார்க்கலாம். இரண்டு சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். முதல் நாள் பேசவே இல்லை. இரண்டாம் நாள் ஒரே ஒரு பக்கம் அடித்துத் தந்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றது. அண்ணன் வந்து தோளில் கை வைத்து, "விட்டுடுடா, அதுவே பாவம்" என்றார். கடைக் கேமராவின் பழைய டிவிஆர் வேறு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருந்தால்தான் படம் காட்டும்.

கடைக்கு என் தீர்ப்பு: விண்டோஸ், ஆனால் காசு கொடுத்து வாங்கியது. சும்மா வந்த விண்டோஸில் ஆக்டிவேட் செய்யப் போட்ட கோப்பு உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை ஓடவிட ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருப்பார்கள். கடன் பாக்கி நோட்டை அந்தத் திண்ணையில் விரித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. லைசென்ஸோடு வரும் புது டெஸ்க்டாப்புக்கு அண்ணனைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது.

மின்வெட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லினக்ஸும் இதில் உத்தமன் இல்லை. பாதி நிறுவிய மென்பொருள் பொதிகளோடு விழுந்தால் அதுவும் நொண்டும். மின்ட்டில் இரண்டு ஆறுதல்: அப்டேட் எப்போது என்பது நம் கையில், டைம்ஷிஃப்ட் என்ற கருவியைப் போட்டு வைத்திருந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அப்பாவுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆற்றில் ஒரு கால்

என் லேப்டாப்பில் இரண்டும் இருக்கின்றன. ஆபீஸ் வேலைக்கு லினக்ஸ், விளையாட்டுக்கு விண்டோஸ். வாலரன்ட் மாதிரி கெர்னல் வரை போய்த் திருட்டாட்டம் பிடிக்கும் ஆட்டங்கள் லினக்ஸில் ஓடாது. ஸ்டீம் என்ற ஆட்டக் கடையில் உள்ள மற்றவை பலவும் புரோட்டான் என்ற இடைத்தரகர் மூலம் ஓடிவிடுகின்றன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் இதுதான். விண்டோஸ் சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்காவிட்டால் அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது. கடிகாரம் அதைவிட வேடிக்கை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, விண்டோஸ் விடிகாலை 5 மணி என்கிறது. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் இதெல்லாம் தெரிந்தவர்களுக்கான வாழ்க்கை. வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு மிஷினுக்கு ஒரு சிஸ்டம் போதும்.

கெட்டுப்போனால் யார்?

என்னைக் கேட்டால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். விண்டோஸ் கெட்டால் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது. லினக்ஸ் கெட்டால் மன்னார்குடியில் அப்பாவுக்கு இருப்பது போனில் நான் மட்டும். கணியம் இணைய இதழ் போல 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்க்ரீன் கறுத்துப்போன லேப்டாப்பில் கட்டுரை படிக்க முடியாது. உங்கள் வீட்டில் போனை எடுக்க ஓர் ஆள் இல்லையென்றால் பெரியவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறாதீர்கள்.

எட்டு மாதத்தில் அப்பாவிடமிருந்து இதற்காக வந்த அழைப்பு மூன்று. ஒன்று வைஃபை, ஒன்று சத்தம் வராதது, ஒன்று அவரே மூடிவைத்த கீழ்ப்பட்டை. போன மாதம் சார்ஜர் முனை தளர்ந்துவிட்டது என்று வழக்கமான கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். முனையைச் சரிசெய்த பையன், வழக்கம்போல் குப்பையும் துடைத்துத் தரலாம் என்று திறந்து பார்த்து, கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கேட்டானாம்:

"சார், இதுல சி டிரைவ் எங்க சார்?"

"அது இல்லாமத்தான் தம்பி எட்டு மாசமா ஓடுது" என்று சொல்லிவிட்டு, முனைக்கு உண்டான காசை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.